சுத்த மண்

ஃபவுண்டரி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “இந்த உலைக் கல்லு எத்தனை டிகிரி தாங்கும் சார்?” என்பதுதான். அதைத்தான் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறானே, படித்துக்கொள்ள வேண்டியதுதானே. நான் சொல்லப்போவது கல்லே கிடைக்காத காலத்தில், மண்ணைத் தேடிப் பிடித்து உலையின் உள்சுவருக்கு நாங்கள் போட்ட ஒரு லைனிங்கைப் பற்றி. அந்த லைனிங் எங்கள் பாவாவின் வலது காலைத் தின்றுவிட்டது. சொல்லும்போது என் குரல் கொஞ்சம் சூடாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாவா என்றால் என் அக்காவின் புருஷன். பெயர் முனிரத்தினம். எங்கள் திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. வீட்டில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். சண்டை தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும். எந்த வார்த்தை எந்த பாஷை என்று பிரித்துப் பார்க்க எவனுக்கும் நேரமில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. கூட்ஸ் வண்டியில் வந்த உலை

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. எல்லாரும் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கள் முதலாளி ஃபவுண்டரியையே கழற்றிக் கூட்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, கியூபோலாவை நிறுத்தி, ஊரில் ஆள் எடுத்தார். பாவா அதற்கு முன்பே பட்டணத்தில் உலை வேலை பார்த்தவர். அவரை உலைக்குப் போட்டார்கள். எனக்கு மோல்டிங்கில், அதாவது வார்ப்பு அச்சுக்கு, மண் இடிக்கும் வேலை.

கியூபோலா என்பது நின்ற வாக்கில் இருக்கும் ஒரு பெரிய இரும்புக் குழாய். மேலிருந்து கோக் கரி, பழைய இரும்பு, கொஞ்சம் சுண்ணாம்புக் கல் என்று மாற்றி மாற்றிப் போடுவோம். கீழேயிருந்து ப்ளோயர் காற்றை ஊதும். இரும்பு உருகி அடியில் தேங்கும். சுண்ணாம்புக் கல் எதற்கென்றால் இரும்பு உருகும்போது பிரியும் கசடை இளக்குவதற்கு. அது இல்லாவிட்டால் கசடு கட்டி தட்டிப்போகும், அது சேர்ந்தால் தண்ணீராக ஓடும். இரும்பையே உருக்குகிற சூட்டை இரும்புக் குழாய் தாங்குமா? தாங்காது. அதனால் உள்பக்கம் சூடு தாங்கும் ஃபயர் பிரிக் கல்லை அடுக்கி, மேலே ஃபயர் கிளே மண்ணைப் பூசியிருப்போம். அதற்குப் பெயர்தான் லைனிங். ஒவ்வொரு தடவை உருக்கி முடித்த பிறகும், கரைந்துபோன இடத்தை மண் வைத்து அடைக்கவேண்டும்.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருக்கு வாயைத் திறந்தால் ‘சுத்தம்’தான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. ஃபவுண்டரி என்றால் கரியும் புழுதியுமாகத்தான் இருக்கும். அவர் வந்து உலை ஏணியை விரலால் தடவிப் பார்ப்பார்.

“டேய் முனிரத்தினம், இன்னாடா இது? சுத்தம் வேணாம்? கொட்டா சுத்தமா இருந்தாத்தான் இரும்பு சுத்தமா வரும்.”

“ஆங், பெருக்கிடறேங்க,” என்பார் பாவா. முதலாளி போன பிறகு என்னைப் பார்த்து, “இரும்பு துடப்பத்துலதான் உருகுதாம் மச்சான், கேட்டுக்கோ,” என்பார். பாவாவுக்கு அப்போதெல்லாம் வாய் சும்மா இருக்காது.

2. நாலு உருண்டை

ஜப்பான்காரனோடு நடந்த சண்டை முற்றியது. வடக்கேயிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த ஃபயர் பிரிக்கும் ஃபயர் கிளேயும் நின்றுபோயின. இருப்பதெல்லாம் பெரிய ஆலைகளுக்கே பற்றவில்லை, எங்களை யார் சீந்தப் போகிறார்கள்? கொண்டுவந்த கல் ஒவ்வொரு உருக்கிலும் தேய்ந்துகொண்டே வந்தது. உலைக்கு அடியில், இரும்பு தேங்குகிற இடத்தில், கல் பாதிதான் இருந்தது.

“உள்ளூர் மண்ணுல எதுனா நிக்குமான்னு பாருடா,” என்றார் முதலாளி.

பாவா பார்த்தார். பார்த்த விதத்தைச் சொல்கிறேன், இதில்தான் தொழில் இருக்கிறது. ஏரிக் களிமண், செங்கல் சூளை மண், புற்றுமண், நகரிப் பக்கம் மலையடிவாரத்தில் அவரே தோண்டி முதுகில் சுமந்து வந்த ஒரு வெள்ளை மண். அந்த வெள்ளை மண் முழு வெள்ளை இல்லை, கொஞ்சம் சாம்பல் ஓடியிருக்கும். நாலையும் தனித்தனியே பிசைந்து, முனை கூர்மையாக உருட்டிக் காயவைத்து, கொல்லுலையில் ஒன்றாக வைத்து ஊதினோம். ஏரி மண் பச்சைக் கண்ணாடியாக வழிந்தது. சூளை மண் படுத்துவிட்டது. புற்றுமண் கொஞ்சம் நின்று, பிறகு அதுவும் முனை மழுங்கிச் சாய்ந்தது. நகரி மண் மட்டும் வைத்த முனை வைத்தபடி நின்றது.

பாவாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. “மச்சான், நம்மூரு மண்ணுடா! கல்கத்தா மண்ணுக்கு இன்னா கொறைச்சல்?” என்று அந்தச் சூட்டோடு உருண்டையை இடுக்கியில் தூக்கிக்கொண்டு கொட்டகை முழுக்கச் சுற்றிக் காட்டினார். பழைய ஃபயர் பிரிக்கை இடித்து அந்த மண்ணோடு கலந்து பூசினார். உலை நன்றாகவே ஓடியது. முதலாளி தேங்காய் உடைத்தார்.

இந்த இடத்திலேயே கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை.

3. பால் மாதிரி வெள்ளை

பாவா முதுகில் சுமந்த மண் தீர்ந்தது. அதற்குள் ரயிலுக்குப் பிரேக் கட்டை வார்த்துக் கொடுக்கும் பெரிய வேலை ஒன்று வந்துவிட்டது. உலையின் அடிப்பாகத்தில் கல் அநேகமாகப் போய்விட்டதால், அந்த இடம் முழுக்க மண்ணையே கனமாக இடித்து நிரப்பவேண்டும். வண்டி வண்டியாக மண் வேண்டும்.

“வண்டியோட நானும் போறேங்க. இடத்தைக் காட்டினாத்தான் சரியா எடுப்பாங்க,” என்றார் பாவா.

“நீ போயிட்டா இங்க உலையை யாரு பாக்கறது? வண்டிக்காரன்கிட்ட நான் சொல்லிக்கறேன் போ.”

வண்டிக்காரர் நாகையா, தெலுங்குக்காரர். நகரிக்கும் திருத்தணிக்கும் பாரம் அடிப்பவர். முதலாளி அவரிடம் என்ன சொன்னார் என்று அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. வண்டிகள் வந்தன. மண்ணைக் கொட்டினார்கள். பால் மாதிரி வெள்ளை. கண் கூசியது.

பாவா குனிந்து ஒரு கை அள்ளினார். தண்ணீர் விட்டுப் பிசைந்தார். பிடித்தார், விட்டது. மறுபடி பிடித்தார், மறுபடியும் விட்டது. நேராக முதலாளியிடம் போனார். நானும் கூடவே போனேன்.

“இன்னாமோ மாவு மாதிரி உதிருதுங்க. கையில நிக்கமாட்டேங்குது. அன்னிக்கு நான் எடுத்தாந்தது இப்டி இல்லீங்க.”

“அது அழுக்குடா. சாம்பக் கலர்ல இருந்துச்சு. இதைப் பாரு, எவ்ளோ சுத்தமா கீது. இதுல கொறை சொல்றியே?”

“கொறை சொல்லலீங்க. ஒரு உருண்டை புடிச்சு உலையில வெச்சுப் பாத்துட்டு பூசலாங்க. ஒரே ஒரு நாளு குடுங்க.”

“அதே நகரி மண்ணுதானே? ஒரு தடவை பாத்தாச்சில்ல? மறுபடி இன்னாத்துக்கு? ரயில்காரன் நிக்கமாட்டான்டா. ஒட்டலைன்னா வெல்லப்பாகு ஊத்திப் பிசை, ஒட்டும். போ, போ.”

பாவா நின்றார். நின்றவரைப் பார்த்து முதலாளி, “முடியலைன்னா சொல்லு, வேற ஆளு பாத்துக்கறேன்,” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், கோபம்கூட இல்லை. அந்த வேலை போனால் பாவாவுக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டக் கூலிக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. அக்கா அப்போது மாசமாக இருந்தாள். பாவா திரும்பி வந்து வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்தார். பாகு ஊற்றியதும் மண் நன்றாகப் பிடித்தது. வழவழவென்று, பார்க்கவும் அழகாக இருந்தது. எனக்கே திருப்தியாகத்தான் இருந்தது. இதற்குப் போய் பாவா இவ்வளவு யோசித்தாரே என்றுகூட நினைத்தேன்.

உலையைப் பற்றவைத்து, ப்ளோயர் போட்டு, மத்தியானம் போல் இரும்பு இறங்க ஆரம்பித்தது. பாவா வழக்கம்போல டேப் ஹோல் பக்கம். அதாவது உருகிய இரும்பை வெளியே விடும் ஓட்டை. கம்பி முனையில் மண்ணுருண்டை வைத்து அடைப்பதும், குத்தித் திறப்பதும் அவர் கை வேலை. இரும்பை லேடில் என்ற பெரிய கரண்டியில் பிடித்துக்கொண்டு போக நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

முதல் இரண்டு லேடில் சரியாக வந்தது. கசடு மட்டும் என்றைக்கும் இல்லாத அளவு வழிந்தது. தண்ணீர் மாதிரி ஓடியது. “இன்னாடா இது, சுண்ணாம்புக் கல்லை அள்ளிக் கொட்டிட்டீங்களா?” என்று பாவா மேலே பார்த்துக் கத்தினார். மேலே நின்றவன், “எப்பவும் போடறதுதான் போட்டேன்,” என்றான்.

பிறகுதான் டேப் ஹோலுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டையில், அதாவது வெளிக் குழாயில், ஒரு சிவப்பு வட்டம் தெரிந்தது. கியூபோலாவின் சட்டை சிவந்தால், உள்ளே லைனிங் இல்லை என்று அர்த்தம். பாவாதான் முதலில் பார்த்தார். “ப்ளோயரை நிறுத்து! ஓடுங்கடா, ஓடுங்க!” என்று கத்தி, லேடிலோடு நின்றவர்களைப் பிடித்துத் தள்ளினார். நானும் ஓடினேன். கடைசி ஆளைத் தள்ளிவிட்டு அவர் திரும்பும்போது சட்டை பிளந்தது. இரும்பு தரையில் கொட்டி, ஈரத்தில் பட்டு வெடித்தது.

அதற்கு மேல் விவரமாகச் சொல்ல என்னால் ஆகாது. கட்டிலில் போட்டு ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போய், பட்டணத்துக்கு ரயில் ஏற்றினோம். வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை பழம் அனுப்பினார். “காலுக்குப் பழமா?” என்று கேட்டு அக்கா கூடையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்.

4. இரண்டு பேரும் சொன்னது நிஜம்

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். முதலாளியின் அறையில் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து உட்காரவைத்தார்கள். பாவா கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார். அவருக்கு நாற்காலி போடவேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. நான்தான் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டேன்.

“மண்ணு எடுக்க யாரு ஆர்டர் குடுத்தது?” என்று கேட்டார் அதிகாரி.

“நான்தாங்க,” என்றார் முதலாளி. “நகரிப் பக்கம் போயி வெள்ளை மண்ணு எடுத்துக்கினு வா, கல்லு வேரு இல்லாம சுத்த மண்ணா இருக்கணும்னு சொன்னேங்க. தெளிவா சொன்னேன். சுத்த மண்ணு, சுத்த மண்ணுன்னு ரெண்டு தரம் சொன்னேன். இந்த வண்டிக்காரன் என்னத்தையோ கொண்டாந்து ஏமாத்திட்டான்.”

நாகையா கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தார். “சாமி, வாரு சுத்த மன்னு அடிகினாரு. நேனு சுத்த மன்னே தெச்சினானு,” என்றார். அவர் சுத்த மண் கேட்டார், நான் சுத்த மண்ணைத்தான் கொண்டுவந்தேன் என்று அர்த்தம். அதோடு தமிழில், “விபூதிக்காரங்களுக்கு எப்பவும் நான்தாங்க சுத்த மண்ணு ஓட்டறேன். அதே குழிதாங்க. சத்தியமா ஏமாத்தலீங்க,” என்றார்.

அந்த அறையில் எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தது. தெலுங்கில் ‘சுத்த’ என்றால் சுண்ணாம்பு மண். பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதும் கட்டிக்கு ‘சுத்தமுக்க’ என்றுதான் பெயர். தமிழில் சுத்தம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். எங்கள் ஊர் வாயில் இரண்டும் ஒரே மாதிரிதான் விழும். முதலாளி கேட்டது கலப்படம் இல்லாத மண்ணை. நாகையா கொடுத்தது திருத்தணி மலையடிவாரத்துக் கடைகளில் சாணச் சாம்பலுக்குப் பதிலாக விபூதி உருண்டைக்குப் போடும் சுண்ணாம்பு மண்ணை. கசடை இளக்குவதற்கு உலைக்குள் எதைப் போடுவோமோ, அதையே சுவராக எழுப்பிவிட்டோம். சுவர் இளகி ஓடியதில் என்ன ஆச்சரியம்!

நான் இதை அதிகாரியிடம் சொன்னேன். இரண்டு பாஷையிலும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு சிரித்தார். “வேடிக்கையா கீதே,” என்றார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை. பெட்டியின் மேல் ஒரு கால் இல்லாதவர் உட்கார்ந்திருக்கிறார், இவருக்கு வேடிக்கை!

“சரி, ரெண்டு பேரும் பொய் சொல்லலை,” என்றார் அதிகாரி. பிறகு பாவா பக்கம் திரும்பினார். “மண்ணைப் பூசினது யாரு?”

“நான்தாங்க.”

“கையில ஒட்டலைன்னு தெரிஞ்சுதா இல்லியா?”

“தெரிஞ்சுதுங்க. சொன்னேங்க. பூசச் சொன்னாருங்க.”

“ஒட்டலைன்னா பாகு ஊத்துன்னு ஒரு யோசனை சொன்னேன், அவ்ளோதாங்க,” என்றார் முதலாளி. “உலை அவன் பொறுப்பு. நெருப்புக்கிட்ட நிக்கறவனுக்கு அவன் உசுரு மேல அக்கறை வேணாம்? வேணாம்னு தோணியிருந்தா நின்னிருக்கலாமே.”

பாவா கட்டையை ஊன்றிப் பெட்டியிலிருந்து எழுந்தார்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். கேட்டவர் பேரில் தப்பில்லை, கொடுத்தவர் பேரில் தப்பில்லை, பூசியவன் தலையில் கட்டியாயிற்று. பிழைப்பில் மண் விழுந்தது என்று ஊரில் சொல்வார்களே, எங்களுக்கு அது நிஜமாகவே மண்தான்.

5. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

பிறகு நான் மெட்ராஸ் ஃபவுண்டரி ஒன்றில் சேர்ந்து, கடைசியில் உலைக்கே பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றேன். அங்கே ஒரு கெமிஸ்ட், வெள்ளையாக எந்த மண் வந்தாலும் அதன் மேல் நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழியச் சொல்லிக் கொடுத்தார். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். உலைச் சுவருக்கான களிமண் சும்மா கிடக்கும். அவ்வளவுதான் விஷயம். அரை எலுமிச்சம்பழம் அன்று எங்கள் கொட்டகையில் இருந்திருந்தால் என்று யோசித்தால் பைத்தியம் பிடிக்கும். அதனால் யோசிப்பதில்லை.

எலுமிச்சம்பழம் மட்டும் போதாது. ஒரு தடவை தேறிய மண் மறு தடவையும் தேறும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, உருட்டி, உலையில் வைத்துப் பாருங்கள். நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மண் வாங்க ஆள் அனுப்பினால் பேரைச் சொல்லி அனுப்பாதீர்கள், ஒரு கட்டி மண்ணைக் கையில் கொடுத்து, “இதே மாதிரி” என்று அனுப்புங்கள். உலைப் பக்கத்தில் நிற்கிறவன் ஒரு நாள் கேட்டால், அந்த ஒரு நாளைக் கொடுங்கள். என்னிடம் வேலை பார்த்த எவனும் ‘சுத்தம்’ என்ற வார்த்தையை நான் சொல்லிக் கேட்டிருக்க மாட்டான். பெருக்கச் சொல்வதென்றால் பெருக்கு என்பேன், அவ்வளவுதான்.

6. ஆடிக் கிருத்திகை

சண்டை முடிந்ததும் முதலாளி ஃபவுண்டரியைத் திரும்பவும் கழற்றி ஏற்றிக்கொண்டு பட்டணம் போய்விட்டார். பாவாவுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கடைசியில் நாகையாதான் ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். என்ன வேலை தெரியுமா? மலையடிவாரத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தபடி விபூதி உருண்டை பிடிக்கும் வேலை. கால் இல்லாதவன் செய்யக்கூடியது. அந்த வெள்ளை மண்ணைச் சலித்து, ஊறவைத்து, உருட்டிக் காயவைக்கவேண்டும். நாகையாவின் வண்டியில் வரும் அதே மண், அதே குழி. இறக்கும்போது நாகையா பாவாவின் முகத்தைப் பார்க்கமாட்டார். பாவாதான், “இன்னா நைனா, நல்லா கீறியா?” என்று அவராகவே கூப்பிட்டுப் பேசுவார்.

ஒரு வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். காவடிக் கூட்டம் படியேறிக்கொண்டிருந்தது. கடையில் பாவாவுக்கு ஒத்தாசையாக உட்கார்ந்திருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டியோடு முதலாளி இறங்கினார். கொஞ்சம் பருத்திருந்தார். கடைக்கு முன்னால் வந்து நின்று, அடுக்கியிருந்த உருண்டைகளைப் பார்த்தார். பாவாவைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பார்த்திருந்தாலும் அடையாளம் தெரியாது; பாவாவின் முகமும் கையும் அவ்வளவு வெள்ளையாக இருந்தன.

ஓர் உருண்டையை எடுத்து விரலால் தடவினார். அன்று ஏணியைத் தடவுவாரே, அதே மாதிரி.

“ஏம்பா, சுத்தமானதுதானே? கலப்படம் ஒண்ணும் இல்லியே?”

நான் எழுந்தேவிட்டேன். பாவா என் முழங்காலைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்.

“ஆங், சுத்த மண்ணுங்க,” என்றார். “ஒரு கலப்படமும் கெடையாது. சுத்தமா சுத்த மண்ணு.”

“அதான் வேணும்,” என்றார் முதலாளி. அங்கேயே உடைத்து, நெற்றியில் மூன்று பட்டையாக இழுத்துக்கொண்டு, மிச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு படியேறப் போனார்.

“ஏன் பாவா, யாருன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?” என்று நான் கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாவா அடுத்த உருண்டைக்கு மண்ணை அள்ளிப் பிசைந்தார். அது கையில் நிற்காமல் உதிர்ந்தது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி பிடித்தார்.

“அவரு கேட்டதைத்தானே மச்சான் குடுத்தேன்.”